விரல் நுனியில் வேகம்!

கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர்களுக்குக் குறுக்கு வழிகள்

இரண்டு விரலை அசைத்தால் ஒரு மணி நேரம் மிச்சம்!

இது மந்திரம் அல்ல. வெறும் கணக்கு.

வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறதே, அதைப் பாருங்கள். தேதி இருக்கும். கிழமை இருக்கும். திதி, நட்சத்திரம் இருக்கும். அவற்றோடு ராகு காலம், எமகண்டம், குளிகை என்று மூன்று நேரங்கள் இருக்கும். 365 தாள். தாளுக்கு மூன்று நேரம். ஆக மொத்தம் 1,095 இடம்.

ஒருவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து இந்த 1,095 இடங்களையும் நிரப்புவதாக வைத்துக்கொள்வோம். ஒரு முறை டைப் அடித்த நேரத்தைப் பிரதி எடுத்து, மற்ற இடங்களில் ஒட்டிக்கொண்டே போகிறார்.

மவுசைப் பிடிக்க வேண்டும். அம்புக்குறியை நகர்த்த வேண்டும். பட்டியலைத் திறக்க வேண்டும். அதில் "பேஸ்ட்" என்ற சொல்லைத் தேடி அழுத்த வேண்டும். இதற்கு ஒரு தடவைக்கு 4 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையே கீபோர்டில் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்திச் செய்தால் 1 விநாடி போதும். மிச்சம் 3 விநாடி.

1,095-ஐ 3-ஆல் பெருக்குங்கள். 3,285 விநாடி. அதாவது 54 நிமிடம் 45 விநாடி. ஏறத்தாழ ஒரு மணி நேரம்!

ஒரு மணி நேரம் என்றால் சும்மாவா? முந்திய பஸ்சைப் பிடித்து, பொழுது சாயும் முன் வீடு வந்து சேரலாம். பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம்.

திருத்தங்கலில்...

இந்தக் கணக்கு எல்லாரையும்விட அதிகமாகத் தேவைப்படும் ஊர்களில் ஒன்று திருத்தங்கல்.

விருதுநகரில் இருந்து தென்காசி செல்லும் ரெயிலில், சிவகாசிக்கு முந்திய ஸ்டேஷன் திருத்தங்கல். குன்றின் மேல் நின்ற நாராயணப் பெருமாள் கோவில் இருக்கிறது. 108 வைணவத் திருப்பதிகளில் அதுவும் ஒன்று. தனி நகராட்சியாக இருந்த இந்த ஊர், 2021-ம் ஆண்டில் சிவகாசி மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது.

சிவகாசி, திருத்தங்கல் வட்டாரத்துக்குச் சோறு போடும் தொழில்கள் மூன்று. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு.

மூன்றாவது தொழில் எப்படி வந்தது தெரியுமா?

1922-ம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் பிறந்தது.

தீப்பெட்டி என்றால் அதன் மேல் லேபிள் வேண்டும். பட்டாசு வந்தது, அதற்கும் லேபிள் வேண்டும். லேபிள் அடிக்க அச்சகம் வேண்டும். அச்சகம் வந்தபின் அது சும்மா இருக்குமா? காலண்டர் அடித்தது. டைரி அடித்தது. நோட்டுப் புத்தகம் அடித்தது. கோவில்பட்டி ஓவியர் சி. கொண்டையராஜூ வரைந்த தெய்வப் படங்கள், சிவகாசிக் காலண்டர்களில் ஏறி வீடு வீடாகப் போயின.

இன்று அச்சு வேலையின் முதல் படி கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. எழுத்தைக் கோப்பதும், படத்தைப் பொருத்துவதும், வண்ணத்தைப் பிரிப்பதும் அதில்தான். தாய் தீப்பெட்டி ஒட்டினாள். மகள் "டி.டி.பி." கற்றுக்கொண்டு, கம்ப்யூட்டர் முன் உட்காருகிறாள். இது அந்த வட்டாரத்தில் நடந்திருக்கும் பெரிய மாறுதல்.

ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது சிவகாசி அச்சகங்களின் வழக்கம். அன்று தொடங்கும் வேகம், மார்கழி வரை ஓயாது. அந்த மாதங்களில் ஒவ்வொரு நிமிடமும் காசு.

கைக்குத் தெரியும்

கம்ப்யூட்டர் வருவதற்கு முன், அச்சுக்கோப்பவர்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னால் சாய்வாக ஒரு மரப்பெட்டி இருக்கும். அதில் அறை அறையாகத் தடுத்திருப்பார்கள். ஒவ்வொரு அறையிலும் ஈய எழுத்துகள். அடிக்கடி வரும் எழுத்துக்குக் கைக்கு எட்டும் இடம். எப்போதோ வரும் எழுத்துக்கு ஓரம்.

கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும். கை பெட்டியில் இருக்கும். "க" எந்த அறையில் என்று அவர் தேடமாட்டார். அவர் கைக்குத் தெரியும்!

கீபோர்டின் குறுக்கு வழியும் இதேதான். கண் திரையில் இருக்க வேண்டும். கை தானாகப் போக வேண்டும். இது படித்த மேதைகளுக்கு மட்டும் வரும் வித்தை அல்ல. கை பழகிய எவருக்கும் வரும்.

கத்தரிக்கோலும் பசையும்

கம்ப்யூட்டரில் "வெட்டு, ஒட்டு" என்ற வேலையைச் செய்கிறோம். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

இதுவும் அச்சுத் தொழிலில் இருந்து வந்ததுதான்!

அமெரிக்காவில் "ஜின்" என்ற பாடப்புத்தகக் கம்பெனி இருந்தது. அங்கே புத்தகத்தைத் திருத்துகிறவர்கள், தாளைக் கத்தரிக்கோலால் வெட்டுவார்கள். வெட்டிய துண்டை வேறு இடத்தில் பசை தடவி ஒட்டுவார்கள். ஒரு பத்தியை இடம் மாற்ற வேண்டுமானால் அதுதான் வழி.

அந்தக் கம்பெனிக்காக ஜெராக்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமைத் தயாரித்தார்கள். தயாரித்தவர்கள் இருவர். ஒருவர் லாரி டெஸ்லர். மற்றவர் டிம் மோட். 1970-களின் நடுவில் இது நடந்தது. புரோகிராமின் பெயர் "ஜிப்சி". புத்தகம் திருத்துகிறவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதைப் பார்த்து, அதே மாதிரி கம்ப்யூட்டரிலும் வெட்டவும் ஒட்டவும் வழி செய்தார்கள். கத்தரிக்கோல் போனது. பசை போனது. பெயர் மட்டும் நின்றது.

டெஸ்லர் பின்னர் ஆப்பிள் கம்பெனியில் சேர்ந்தார். 1983-ல் அந்தக் கம்பெனி "லிசா" என்ற கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இசட், எக்ஸ், சி, வி என்ற நான்கு எழுத்துகளுக்கு இன்று நாம் அறிந்த வேலைகள் அதில் கொடுக்கப்பட்டன.

ஏன் இந்த நான்கு? கீபோர்டைப் பாருங்கள். கீழ் வரிசையில் நான்கும் அண்ணன் தம்பிகள் போல அடுத்தடுத்து நிற்கும். இடது கை ஒன்றே போதும். வலது கை மவுசை விட வேண்டியதில்லை.

"காப்பி" என்பதற்கு முதல் எழுத்து சி. எக்ஸ் என்பது, வேண்டாததைக் குறுக்கே அடிக்கும் கோடு போல இருக்கிறது. அதனால் அது வெட்ட. எழுத்து விட்டுப்போனால், அச்சுப் பிழை திருத்துகிறவர்கள் கூரையைப் போல ஒரு குறி போட்டு இடையில் எழுதுவார்கள். அதைத் தலைகீழாகத் திருப்பினால் வி! அதனால் அது ஒட்ட.

கோடிக்கணக்கானவர்கள் இந்த விசைகளைத் தினமும் அழுத்துகிறார்கள். டெஸ்லர் 2020-ம் ஆண்டு பிப்ரவரியில், தமது 74-வது வயதில் காலமானார்.

முதலில் ஆறு

பெரும்பாலான கீபோர்டுகளில், கீழே இடது மூலையில் இருப்பது கண்ட்ரோல் விசை. அதை ஒரு விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். விடாமல் இன்னொரு விரலால் எழுத்தைத் தட்டுங்கள். அவ்வளவுதான் வித்தை.

கண்ட்ரோல் - சி: பிரதி எடுக்க.

கண்ட்ரோல் - எக்ஸ்: வெட்டி எடுக்க.

கண்ட்ரோல் - வி: ஒட்ட.

கண்ட்ரோல் - இசட்: செய்த தவறை மாற்ற.

கண்ட்ரோல் - ஏ: எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்க.

கண்ட்ரோல் - எஸ்: சேமித்து வைக்க.

புதிதாகக் கற்கிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது இசட். ஏன் என்றால், அது பயத்தைப் போக்கும். கண்ட்ரோல் - ஏ அழுத்திவிட்டுத் தெரியாமல் ஓர் எழுத்தைத் தட்டினால், திரையில் இருந்த அத்தனையும் மாயமாக மறைந்துவிடும். முதல் நாள் வேலைக்கு வந்த பெண் அழுதேவிடுவாள். கண்ட்ரோல் - இசட் அழுத்தினால் போன உயிர் திரும்பி வந்துவிடும்!

கரண்ட் போனால்?

கண்ட்ரோல் - எஸ், வேகத்துக்கு அல்ல, பாதுகாப்புக்கு.

காலையில் இருந்து வேலை செய்திருப்பார்கள். சேமித்து வைத்திருக்கமாட்டார்கள். திடீர் என்று கரண்ட் போகும். பேட்டரியும் கைவிட்டால், செய்த வேலை அத்தனையும் போச்சு. மறுபடி முதலில் இருந்து. அன்று ராத்திரி வீடு திரும்ப எத்தனை மணி ஆகுமோ!

ஆகவே, ஒரு பத்தி முடிந்தால் கண்ட்ரோல் - எஸ். ஒரு படத்தைப் பொருத்தினால் கண்ட்ரோல் - எஸ். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் கண்ட்ரோல் - எஸ். சமையல் முடிந்ததும் கை தானாக அடுப்பை அணைக்கிறது அல்லவா? அதுபோல இதுவும் பழகிவிட வேண்டும்.

குழந்தை "குழந்மாசி" ஆகும்!

வேகம் நல்லது. கண்மூடி வேகம் ஆபத்து.

கண்ட்ரோல் - எப் அழுத்தினால், ஒரு சொல் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் தேடிக்கொடுக்கும். "வேர்டு" போன்ற புரோகிராம்களில் கண்ட்ரோல் - எச் அழுத்தினால், ஒரு சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல்லைப் போடும். நூறு இடத்தில் இருந்தாலும் ஒரே நொடியில் மாற்றிவிடும்.

இங்கேதான் கண்ணி இருக்கிறது.

"தை" என்ற மாதப் பெயர் தவறாக விழுந்துவிட்டது. "மாசி" என்று இருக்க வேண்டும். "எல்லாவற்றையும் மாற்று" என்று உத்தரவு போட்டுவிட்டீர்கள். என்ன ஆகும்?

கம்ப்யூட்டருக்கு மாதம் தெரியாது. எழுத்து மட்டுமே தெரியும். "குழந்தை" என்ற சொல்லிலும் "தை" இருக்கிறது அல்லவா? அது "குழந்மாசி" ஆகிவிடும். "சந்தை" என்பது "சந்மாசி" ஆகிவிடும். காலண்டரின் அடியில் உள்ள பொன்மொழி எல்லாம் புரியாத மொழி ஆகிவிடும்.

அச்சு ஏறிவிட்டால் திருத்த முடியாது. ஆயிரம் ஆயிரமாக அதே பிழை வீடு வீடாகப் போகும். ஆகவே, மொத்தமாக மாற்றாதீர்கள். ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லி, பார்த்து மாற்றுங்கள். திதியும் நட்சத்திரமும் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுக் கண்ணால் பார்க்க வேண்டியவை. அதற்குக் குறுக்கு வழியே கிடையாது.

எழுத்து படமாகும்

அச்சக வேலைக்கு என்றே சில குறுக்கு வழிகள் உண்டு. "கோரல் டிரா" என்ற புரோகிராம், லேபிள், நோட்டீஸ், பத்திரிகை அமைப்பவர்களுக்குப் பழக்கமானது. கனடாவில் 1989-ல் பிறந்தது.

அதில் கண்ட்ரோல் - டி அழுத்தினால், ஒரு படத்துக்கு இரட்டைப் பிள்ளை பிறக்கும். லேபிளை ஒன்றுக்குப் பல ஆக்க இது உதவும். கண்ட்ரோல் - ஜி அழுத்தினால், தனித்தனியாக உள்ளவை ஒரே கட்டாகச் சேரும். கண்ட்ரோல் - யூ அழுத்தினால் கட்டு பிரியும். ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு பி என்ற எழுத்தை மட்டும் தட்டினால், அது தாளின் நடு மையத்தில் போய் உட்காரும். அளவுகோல் வைத்து அளக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கண்ட்ரோல் - கியூ.

டி.டி.பி. கடையில் "பட்டாசு" என்று அழகாக எழுதுகிறார்கள். அந்தக் கோப்பு, அச்சுத் தகடு தயாரிக்கும் இடத்துக்குப் போகிறது. அங்கே உள்ள கம்ப்யூட்டரில் அந்தத் தமிழ் எழுத்துரு இல்லை. உடனே "பட்டாசு" கோணல்மாணலாகிக் கிறுக்கல் போலத் தெரியும்.

இதைத் தடுக்கத்தான் கண்ட்ரோல் - கியூ. அழுத்தியதும் எழுத்து எழுத்தாக இருக்காது. கோட்டுப் படம் ஆகிவிடும். படத்துக்கு எழுத்துரு தேவை இல்லை. எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் ஒரே மாதிரி இருக்கும்.

ஆனால் ஒன்று. படமாகிவிட்ட எழுத்தில் பிழை திருத்துவது பெரும் பாடு. "பட்டாசு" என்பதை "பாட்டாசு" என்று அடித்துவிட்டுக் கண்ட்ரோல் - கியூ அழுத்தினால், அது அப்படியே உறைந்துவிடும். ஆகவே முதலில் ஒரு பிரதியைத் தனியாகச் சேமித்துவிட்டு, அதன் பிறகே அழுத்த வேண்டும்.

தீபாவளிக் கடையில்

தீபாவளி நெருங்குகிறது. பட்டாசுக் கடையில் கூட்டம். கம்பி மத்தாப்பு, தரைச்சக்கரம், புஸ்வாணம் என்று வாங்கிக் குவிக்கிறார்கள். பில் போடுகிறவர் மவுசைத் தேடிக்கொண்டு இருந்தால், வரிசை தெரு வரை நீளும்!

கடைக் கணக்குக்கு "டாலி" என்ற புரோகிராமைப் பலர் வைத்திருக்கிறார்கள். அது நம் நாட்டுச் சரக்கு. 1986-ல் எஸ்.எஸ். கோயங்காவும் அவருடைய மகன் பரத் கோயங்காவும் தொடங்கிய கம்பெனியில் உருவானது. மவுசைத் தொடாமலே முழுக் கணக்கையும் எழுதிவிடலாம் என்பது அதன் சிறப்பு.

கீபோர்டின் மேல் வரிசையில் எப் என்ற எழுத்தும் எண்ணும் சேர்ந்த விசைகள் இருக்கின்றன. டாலியில் எப்-5 அழுத்தினால் பணம் கொடுத்த கணக்கு. எப்-6 அழுத்தினால் பணம் வந்த கணக்கு. எப்-8 விற்பனை. எப்-9 கொள்முதல். எழுதி முடித்துக் கண்ட்ரோல் - ஏ அழுத்தினால், கணக்கு ஏறிவிடும்.

கவனித்தீர்களா? மற்ற இடங்களில் கண்ட்ரோல் - ஏ என்றால் எல்லாவற்றையும் தேர்ந்தெடுப்பது. இங்கே அதுவே கணக்கை ஏற்றுக்கொள்வது. சில குறுக்கு வழிகள் புரோகிராமுக்குப் புரோகிராம் மாறும். புது வேலையில் சேர்ந்தால் முதலில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தமிழுக்கும் உண்டு

"இதெல்லாம் இங்கிலீஷ் விசைகள் ஆயிற்றே! தமிழுக்குக் குறுக்கு வழி இல்லையா?" என்று கேட்பீர்கள்.

உண்டு. பழைய காலம் முதலே உண்டு.

தமிழ் டைப்ரைட்டரின் தந்தை என்று போற்றப்படுகிறவர் ஆர். முத்தையா. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். சிங்கப்பூருக்குச் சென்று உழைத்தவர். அவருக்கு ஒரு பெரிய சிக்கல். தமிழில் எழுத்து அதிகம். டைப்ரைட்டரில் விசை குறைவு. 247 எழுத்துக்கு 247 விசை வைக்க முடியுமா?

அவர் ஒரு யுக்தி செய்தார். பொதுவாக ஒரு விசையைத் தட்டினால், எழுத்து விழுந்ததும் தாள் சற்று நகரும். புள்ளிக்கு மட்டும் தாள் நகராதபடி செய்தார். முதலில் புள்ளி விழும். தாள் அங்கேயே நிற்கும். அடுத்து "க" தட்டினால், அதே இடத்தில் விழுந்து "க்" ஆகிவிடும். இதற்கு "நகரா விசை" என்று பெயர். இருக்கிற விசைகளைக் கொண்டே எல்லா எழுத்தையும் அடிக்க வழி பிறந்தது.

கம்ப்யூட்டர் காலத்தில், 1999-ல் தமிழ்நாடு அரசு "தமிழ் 99" என்ற கீபோர்டு முறையை அறிவித்தது. இதில் உயிர் எழுத்துகள் இடது கைப்பக்கம். மெய் எழுத்துகளில் பெரும்பாலானவை வலது கைப்பக்கம். இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்யும். தமிழ் எழுத்துக்கு ஷிப்ட் விசையே தேவை இல்லை.

இதில் ஓர் அழகான குறுக்கு வழி இருக்கிறது. ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால், முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். "அம்மா" என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு. நடுவில் புள்ளியைத் தேட வேண்டாம். ங பக்கத்தில் க வந்தாலும், ந பக்கத்தில் த வந்தாலும் அப்படியே.

"திருத்தங்கல்" என்று எழுதிப் பார்ப்போம். த, இ, ர, உ, த, த, ங, க, ல, புள்ளி. பத்தே தட்டு! தானாக விழும் புள்ளி இல்லை என்றால் பன்னிரண்டு ஆகியிருக்கும்.

தமிழில் "க்க", "த்த", "ங்க", "ந்த" எத்தனை வருகின்றன! ஒரு பக்கம் எழுதினால் எத்தனை தட்டு மிச்சம் ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். தமிழின் இலக்கணமே விரலுக்கு ஓய்வு கொடுக்கிறது!

விண்டோஸ் கம்ப்யூட்டரில் தமிழையும் இங்கிலீஷையும் சேர்த்து வைத்துக்கொண்டால், விண்டோஸ் விசையோடு நீளமான இடைவெளி விசையைத் தட்டி, மொழியை மாற்றிக்கொள்ளலாம்.

மூன்று விரல் வித்தை

வேகமாக அழுத்துவதற்காகவே குறுக்கு வழிகள் இருக்கின்றன. ஆனால், எளிதில் அழுத்த முடியாதபடி வேண்டும் என்றே அமைத்த குறுக்கு வழியும் ஒன்று உண்டு.

கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் என்ற மூன்றையும் ஒரே நேரத்தில் அழுத்துவதுதான் அது. கம்ப்யூட்டர் ஆடாமல் அசையாமல் நின்றுவிட்டால் பலரும் கையாளும் வழி.

இதை அமைத்தவர் டேவிட் பிராட்லி. ஐ.பி.எம். கம்பெனியின் இன்ஜினீயர். 1981-ல் அந்தக் கம்பெனி வெளியிட்ட கம்ப்யூட்டரை உருவாக்கியவர்களில் ஒருவர். அந்த நாளில் இந்த மூன்றையும் அழுத்தினால், கம்ப்யூட்டர் உடனே புதிதாகத் தொடங்கும். செய்த வேலை போய்விடும். தெரியாமல் கை பட்டால் ஆபத்து! அதனால்தான் டெலீட் விசையைச் சேர்த்தார்கள். அது வலது பக்கம் தள்ளி இருந்தது. இரண்டு கையும் வேண்டும்.

இன்று விண்டோஸ் கம்ப்யூட்டரில் இந்த மூன்றையும் அழுத்தினால், உடனே அணைந்துவிடாது. பூட்டவா, வெளியேறவா, சிக்கிய புரோகிராமை நிறுத்தவா என்று கேட்கும்.

மூளையின் குறுக்கு வழி

இப்போது மறுபடி காலண்டர் கணக்கு.

ராகு காலம் எதைப் பொறுத்தது? கிழமையைப் பொறுத்தது. திங்கள் என்றால் 7.30 முதல் 9 மணி. செவ்வாய் என்றால் 3 முதல் 4.30 மணி. எமகண்டமும் குளிகையும் அப்படியே. ஏழு கிழமைக்கு ஏழு விதம். அவ்வளவுதான்!

அப்படியானால் 1,095 இடத்தில் ஏன் ஒட்ட வேண்டும்? ஒரு வாரத்துக்கு மட்டும் சரியாக அமைத்துவிட்டு, அந்த ஏழு நாளையும் கட்டாகப் பிரதி எடுத்தால் போதாதா? 52 வாரம் ஒட்டினால் 364 நாள். மிச்சம் ஒரே நாள்!

அதற்கும் மேலே ஒரு படி போகலாம். சதுரங்கக் கட்டத்தில் நெல் வைத்த கதை தெரியும் அல்லவா? ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று பெருகிப் பெருகி, அரசனின் களஞ்சியமே காலியான கதை. அதே வித்தைதான்.

"வேர்டு" புரோகிராமில் ஒரு வாரத்தை எழுதிவிட்டுக் கண்ட்ரோலோடு ஏ, சி, வி, வி என்று வரிசையாகத் தட்டுங்கள். முதல் வி, பழையதின் மேலேயே விழும். இரண்டாவது வி, அதன் கீழே இன்னொரு பங்கை ஒட்டும். ஒரு வாரம் இரண்டு வாரம் ஆகிவிடும். மறுபடி செய்தால் நான்கு. அப்புறம் எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு. ஆறாவது தடவையில் அறுபத்து நான்கு வாரம்! வேண்டாததை வெட்டிவிட்டால் ஓர் ஆண்டு தயார்.

முதலில் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தினோம். இப்போது அந்த வேலையே சில நிமிடத்தில் முடிந்துவிட்டது.

இதில் ஓர் எச்சரிக்கை. முதல் வாரத்தில் ஒரு பிழை இருந்தால், அதுவும் 52 தடவை பெருகும். ஆகவே, பெருக்குவதற்கு முன் ஏழு நாளையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். வேலை செய்யும் முன் ஒரு நிமிடம் யோசிப்பது, எல்லாக் குறுக்கு வழிக்கும் தாய் வழி.

வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்

(விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு)

கண்ட்ரோல் - பி: அச்சடிக்க.

ஆல்ட் - டேப்: திறந்து வைத்துள்ள வேலைகளில் ஒன்றில் இருந்து மற்றொன்றுக்குத் தாவ.

எப்-2: கோப்பின் பெயரை மாற்ற.

விண்டோஸ் - டி: எல்லாவற்றையும் மறைத்து முகப்பைக் காட்ட.

விண்டோஸ் - எல்: எழுந்து போகும்போது கம்ப்யூட்டரைப் பூட்ட.

விண்டோஸ் - வி: முன்பு பிரதி எடுத்தவற்றைப் பட்டியலாகக் காட்ட. ஒரு முறை இதை இயக்கி வைத்துவிட்டால், கடைசியாக எடுத்த 25 வரை நினைவில் வைத்திருக்கும்.

எப்படிப் பழகுவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்யாதீர்கள். மறந்துவிடும்.

வாரத்துக்கு இரண்டு போதும். அந்த இரண்டையும் துண்டுத் தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டுங்கள். மவுசுக்குக் கை போகும்போது எல்லாம் தாளைப் பாருங்கள். முதல் இரண்டு நாள் வேலை மெதுவாகத்தான் நடக்கும். எரிச்சல் வரும். விட்டுவிடாதீர்கள். வார முடிவில் தாளைப் பார்க்கத் தேவை இருக்காது. அதைக் கிழித்துவிட்டு, அடுத்த இரண்டை ஒட்டுங்கள். மூன்று மாதத்தில் இருபத்து நான்கு வந்துவிடும். அச்சக வேலைக்கும் கடை வேலைக்கும் அதுவே தாராளம்.

வேகம் வந்துவிட்டது என்பதற்காக ஓய்வு இல்லாமல் தட்டிக்கொண்டே இருக்காதீர்கள். மணிக்கட்டு நேராக இருக்கட்டும். இடையிடையே எழுந்து கையை உதறுங்கள். கண்ணைத் திரையில் இருந்து எடுத்துத் தூரத்தில் பாருங்கள். கை நன்றாக இருந்தால்தான் வேலை.

மேலதிகாரிகளும் முதலாளிகளும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். வேகம் பழகிய பெண் மிச்சப்படுத்திய நேரம், அவள் உழைத்துச் சம்பாதித்த நேரம். அதில் மேலும் ஒரு வேலையைத் திணித்தால், அடுத்தவர் எவரும் பழக முன்வரமாட்டார்கள். அவளை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பிப் பாருங்கள். மறுநாள் பக்கத்து நாற்காலிக்காரியும் "அக்கா, எனக்கும் அதைச் சொல்லிக் கொடுங்கள்" என்று கேட்பாள்.

சொல்லிக் கொடுங்கள். கண்ட்ரோல் - இசட்டில் இருந்து தொடங்குங்கள்.